மென்வியோ தடுப்பூசி: நல்ல மருந்து, ஆனால் இரண்டு குப்பியும் கலந்ததா என்று பாருங்கள்

மூளைக்காய்ச்சலையும் ரத்தத் தொற்றையும் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா என்றதும் கழுத்து விறைப்பும், அழுத்தினாலும் மறையாத தடிப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதன் டபிள்யூ வகை அப்படி வந்தாக வேண்டும் என்றில்லை. இங்கிலாந்தில் 2015 ஜூலை முதல் 2016 ஜனவரிக்குள் அது தாக்கிய 15 பதின்வயதினரில் 7 பேருக்கு முதலில் தெரிந்தது வாந்தி பேதி. அந்த எழுவரில் 5 பேர் ஒரே நாளில் இறந்துபோனார்கள். ஒய் வகை நிமோனியாவாகவோ மூட்டுத் தொற்றாகவோ வரலாம். 2024 மார்ச்சில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி எச்சரித்த ஒய் பரவலில் 64 சதவீதம் பேர் ரத்தத் தொற்றோடு வந்தவர்கள். அறிகுறியைப் பார்த்துச் சுதாரிக்கலாம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. ஏ, சி, டபிள்யூ, ஒய் நான்கையும் தடுக்கும் மென்வியோவின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

குறை, பழைய இரட்டைக் குப்பிப் பொதியில். ஏ வகைக்கான மருந்து ஆரஞ்சு மூடிக் குப்பியில் பொடியாக இருக்கும். மற்ற மூன்றும் சாம்பல் மூடிக் குப்பியில் திரவமாக இருக்கும். திரவம் முழுவதையும் பொடிக்குள் செலுத்தி, கரையும்வரை குலுக்கி, 0.5 மில்லியைத் தசையில் போட வேண்டும். திரவம் வெறும் கரைப்பான் போலத் தெரிவதால் அதை விட்டுவிட்டு வேறு நீரில் பொடியைக் கரைப்பவர்கள் உண்டு. அப்போது கிடைப்பது ஏ மட்டும், ஊசியைத் திரும்பப் போட வேண்டும். திரவத்தை மட்டும் போட்டால் ஏ விடுபடும். 1987-இல் ஹஜ் பயணிகளிடையே ஏ வகை பரவியது. வெளிநாடு செல்வோருக்கு இது சின்னத் தவறல்ல. கலக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பதில் தப்பில்லை. பிற்பாடு வந்த ஒற்றைக் குப்பி மென்வியோவிலும், அதே நான்கு வகைக்கான இன்னொரு ஊசியான மென்குவாட்ஃபியிலும் இந்தச் சிக்கல் இல்லை. கிடைத்தால் அவற்றையே கேளுங்கள்.

மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்திருக்க வேண்டும். உறைந்ததைத் தூக்கிப்போட வேண்டும். ஹஜ், உம்ரா பயணிகள் சவுதி போய்ச் சேர 10 நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

பி வகையை இது தடுக்காது. அதற்குத் தனி ஊசி. நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களுக்கு ஊசி மட்டும் போதாது, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். நோயெதிர்ப்பின் ஒரு பகுதியை அடக்கும் எக்குலிசுமாப் மருந்தை எடுப்பவர்கள் எல்லா ஊசியும் போட்டிருந்தாலும், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் அந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்.