கார்ன்ஃப்ளேக்ஸா, வீட்டில் சுட்ட பழ ரொட்டியா? ஒரு பெரம்பூர் வீட்டின் கணக்கு

காலை ஏழே காலுக்குள் எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் கிளம்பியாக வேண்டும். நான் பெரம்பூர் ஸ்டேஷனுக்கு, மகள் பள்ளி வேனுக்கு, அவர் வண்டியில் மாதவரம் பக்கம். அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். வாரத்தில் நான்கு நாள் இட்லி, தோசை, உப்புமா என்று ஓடிவிடும். அதில் எந்த மாற்றமும் எனக்கு வேண்டாம். மாவு தீர்ந்துபோன நாள், முந்தைய இரவு தாமதமாக வந்து படுத்த நாள் என்று மிச்சமிருக்கும் இரண்டு மூன்று காலைகளுக்குத்தான் வேறு வழி தேவைப்படுகிறது.

அதற்குப் பல வருடங்களாக இரண்டு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்று, டப்பாவிலிருந்து கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ், மியூஸ்லி வகைகள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சுட்டு வைத்துக்கொள்ளும் பழ ரொட்டி. அவசரத்துக்கு கார்ன்ஃப்ளேக்ஸ், நிதானத்துக்குப் பழ ரொட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது நேர் தலைகீழாக முடிந்தது.

கிண்ணமும் பாலும்

கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்த கதை தெரிந்தால் அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதும் புரியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற மருத்துவர் ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்திவந்தார். 1894-ல் அங்கே வேகவைத்த கோதுமை கவனிப்பாரின்றிக் கிடந்து காய்ந்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் அதை உருளைகளுக்கு நடுவே விட்டபோது, ஒவ்வொரு மணியும் தனித்தனி இதழாக வந்து விழுந்தது. அதை வறுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக்தான் மக்காச்சோளத்தை முன்னிறுத்தி 1906-ல் தனிக் கம்பெனி தொடங்கியவர். அடிப்படை வேலை இன்றும் அதுதான்: வேகவைத்து, ஈரம் பரவும்படி ஆறப்போட்டு, தட்டையாக நசுக்கி, மொறுமொறுவென்று வறுப்பது.

அந்த மொறுமொறுப்புதான் அதன் உயிர். 1994-ல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது இடித்தது இந்த இடத்தில்தான். நம் வீடுகளில் பால் என்றால் காய்ச்சிய சூடான பால். சூடு பட்டதும் இதழ் நொடியில் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிவிடும். எங்கள் வீட்டில் முதல் டப்பா வாங்கிய அன்று அம்மா சூடாகவே ஊற்றிவிட்டார். ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னடி இது, பொரியைப் பால்ல ஊறப்போட்ட மாதிரி இருக்கு” என்றார். அவர் சொன்னது சரி. சூடான பாலில் அது பொரியைவிட மோசம்.

ஆகவே, முதல் நாள் இரவே பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். காலையில் வரும் பாக்கெட்டைக் காய்ச்சி ஆறவிட யாருக்கும் நேரம் இருக்காது. இரவு பால் வைக்க மறந்தால் மறுநாள் கார்ன்ஃப்ளேக்ஸ் இல்லை, அவ்வளவுதான். உடனடி உணவு என்று பெயர் வாங்கிய பொருளுக்கும் முந்தைய நாளே ஒரு வேலை இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்த தொல்லை காற்றில் இருக்கும் ஈரம். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பிரித்த பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் மூன்றே நாளில் நமுத்துவிடும். பிரித்த கையோடு இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். நமுத்துப்போனாலும் தூக்கிப் போட வேண்டாம். வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பி வந்துவிடும்.

சத்தைப் பார்ப்போம். சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸ் 30 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 110 கலோரி, புரதம் 2 கிராம்தான். மீதியைப் பால்தான் கொடுக்க வேண்டும். 30 கிராம் என்பது எவ்வளவு என்று ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய கைப்பிடிதான். வேலைக்குப் போகும் ஆளுக்கு அது எந்த மூலைக்கு? ஆறே முக்காலுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போனால் ஒன்பதரைக்கு எனக்குப் பசிக்கத் தொடங்கிவிடுகிறது. கார்ன்ஃப்ளேக்ஸில் இருக்கும் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும் வகை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவருக்கு அதைக் கொடுப்பதையே விட்டுவிட்டேன்.

சாக்லேட் பூசியது, தேன் பூசியது போன்றவற்றை நான் காலை உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. டப்பாவின் பின்னால் சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முன்வரிசையில் நின்று, அதன் அளவும் அதிகமாக இருந்தால் அது தின்பண்டம்.

மியூஸ்லியின் கதையே வேறு. சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகர மருத்துவர் பிர்ச்சர்-பென்னர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தது பெரும்பாலும் பழம்தான்: துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொட்டைகள், தண்ணீரில் ஊறவைத்த ஓட்ஸ் ஒரே ஒரு ஸ்பூன். இன்று டப்பாவில் வருவது அப்படியே தலைகீழ். தானியம் நிறைய, நடுவில் நாலு திராட்சை. அந்தப் பழைய முறையை வீட்டில் செய்வது மிகச் சுலபம். இரண்டு ஸ்பூன் ஓட்ஸை இரவே தயிரில் ஊறவிட்டு, காலையில் கொய்யாவோ ஆப்பிளோ துருவிப் போட்டு, நாலு வேர்க்கடலையைத் தட்டிச் சேர்த்தால் போதும். அம்மா விரும்பிச் சாப்பிடுவது இதைத்தான். பாக்கெட் மியூஸ்லிக்குக் கொடுக்கும் விலைக்கு இந்த ஓட்ஸும் பழமும் பல நாளைக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

பழ ரொட்டி என்றால் கடையில் கிடைக்கும் டுட்டி ஃப்ரூட்டி பிரெட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரிவது பப்பாளிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறம் ஏற்றியது. சாயங்கால டீக்கு நன்றாகவே இருக்கும். நான் சொல்வது ஈஸ்ட் இல்லாமல், பழத்தின் ஈரத்திலேயே வெந்து வரும் கனமான ரொட்டி. வெட்டினால் கேக் மாதிரி இருக்கும், ஆனால் கேக் அளவுக்கு இனிப்போ நெய்ப்போ இருக்காது.

முதலில் வாழைப்பழ ரொட்டி. எந்தப் பழம் என்பதில்தான் பாதி வெற்றி. தோல் கறுத்துப்போன மோரிஸ் பழம் நன்றாகக் குழையும், இனிப்பும் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது பூவன். அதில் லேசான புளிப்பு இருக்கிறது. ஆப்ப சோடா வேலை செய்ய அந்தப் புளிப்பு வேண்டும். மோரிஸ் பழத்தில் செய்தால் இரண்டு ஸ்பூன் தயிர் சேர்த்துக்கொள்வேன். தள்ளுவண்டிக்காரர் இரவில் மிச்சமாகும் கறுத்த பழத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். நமக்கு வேண்டியதே அதுதான்.

அளவு இதுதான். மசித்த பழம் 300 கிராம், மைதா 200 கிராம் (பாதி கோதுமை மாவும் போடலாம், கொஞ்சம் இறுக்கமாக வரும்), நாட்டுச்சர்க்கரை 100 கிராம், முட்டை 2, எண்ணெய் 100 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், நறுக்கிய பேரீச்சையும் திராட்சையுமாக 100 கிராம். வெண்ணெயைவிட எண்ணெய் நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ரொட்டி இறுகாது. உலர்பழத்தை ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் போய்த் தங்காது. மாவைச் சேர்த்தபின் அதிகம் கலக்கக் கூடாது, கலக்கக் கலக்கச் சவ்வு பிடித்துவிடும்.

ஓவன் இருந்தால் 175 டிகிரியில் 50 முதல் 60 நிமிடம். இல்லையென்றால் ஐந்து லிட்டர் குக்கர் போதும். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல் பத்து நிமிடம் மூடிச் சூடேற்ற வேண்டும். பிறகு பாத்திரத்தை ஒரு வளையத்தின் மேல் வைத்து, சிறுதீயில் 50 நிமிடம். ரொட்டி வட்டமாக வரும், ருசியில் குறை இருக்காது. முதல் தடவை இருபதாவது நிமிடத்தில் ஆசையாக மூடியைத் திறந்தேன், நடுப்பகுதி அப்படியே அமுங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் தொடக் கூடாது. அதற்குப் பிறகு ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். அன்றே வெட்டினால் உதிரும். ஒரு ராத்திரி போனால் ஈரம் சீராகப் பரவி, வாசனையும் கூடிவிடும்.

இரண்டாவது ரொட்டியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருமுனை ஆன்ட்டி. ரயில்வே வேலையை நம்பிப் பெரம்பூரில் வேர்விட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர் கணவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிசம்பர் பிறந்தால் அவர்கள் வீட்டு வாசலிலேயே பழம் ஊறும் வாசனை வரும். அவர் செய்வது டீயில் பழத்தை ஊறவைக்கும் ரொட்டி. இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் இதற்கு பாரா பிரித் என்று பெயர். புள்ளிப் புள்ளியான ரொட்டி என்று அர்த்தமாம். இதில் எண்ணெயும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. 300 மில்லி சூடான கறுப்பு டீயில் 100 கிராம் நாட்டுச்சர்க்கரையைக் கரைத்து, 300 கிராம் உலர்பழத்தை ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் 250 கிராம் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு முட்டை சேர்த்துக் கலக்கி ஒரு மணி நேரம் சுட வேண்டும். “டீ நல்லா கசக்கணும்மா, அப்பதான் பழத்தோட இனிப்பு எழும்பும்” என்பார். அந்தக் கசப்பில்லாமல் செய்து பார்த்தேன், வெறும் தித்திப்பாகத்தான் வந்தது.

இதற்கு உலர்பழம் வாங்க நான் போவது சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெருப் பக்கம் கடைகளில் கறுப்புத் திராட்சை, அத்தி, பேரீச்சை எல்லாம் எடை போட்டு, ருசி பார்க்கக் கையில் கொடுத்துத் தருவார்கள். கேக்குக்கு என்று சொன்னால் அளவில் சின்னதாக, உடைந்ததாக விலை குறைந்த ரகத்தைக் காட்டுவார்கள். ரொட்டிக்கு அதுவே போதும்.

பழ ரொட்டி என்றதும் உடம்புக்கு ரொம்ப நல்லது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். மேலே சொன்ன வாழைப்பழ ரொட்டியைப் பன்னிரண்டு துண்டு போட்டால் ஒரு துண்டு 220 கலோரி பக்கம் வரும், சேர்த்த சர்க்கரை மட்டும் 8 கிராமுக்கு மேல். டீ ரொட்டி 190-க்குள் நிற்கும். ஆனால் ஒரு துண்டும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிட்டுவிட்டுப் போனால் பதினொன்றரை வரை பசி தெரிவதில்லை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைத் துண்டு.

காலையில் நடப்பது

இப்போது ஏழே கால் மணிக்கு வருவோம். கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட உட்கார வேண்டும். கிண்ணம், ஸ்பூன், குளிர்ந்த பால் வேண்டும். பால் ஊற்றிய நிமிடத்திலிருந்து அது நம்மை அவசரப்படுத்தும். நடுவில் மகள் ஒரு சாக்ஸைத் தேடப் போனாள் என்றால் திரும்பி வரும்போது கிண்ணத்தில் இருப்பது கூழ். அதைக் கீழே கொட்டிய காலைகளை எண்ணிப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பழ ரொட்டி காத்திருக்கும். நின்றுகொண்டே சாப்பிடலாம், டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பலாம். நான் பல நாள் ரயில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனைத் தாண்டியபின் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறேன். நம் வெயிலுக்கு வெளியில் இரண்டு நாள் தாங்கும், அதற்குமேல் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஞாயிறு சுட்டதைத் திங்கள் காலையிலேயே துண்டு போட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவேன், வியாழன் வரை வரும். கடைசித் துண்டுகளைத் தோசைக்கல்லில் ஒரு துளி வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட்டால், பழத்தின் ஓரம் பாகாகி மொறுமொறுக்கும். எனக்குப் புது ரொட்டியைவிட அதுதான் பிடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர், மின்சாரம் இல்லை, பால் பாக்கெட் எங்கேயும் கிடைக்கவில்லை. அலமாரியில் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா முழுதாக இருந்தது. பாலில்லாமல் அதை என்ன செய்வது? கேஸ் இருந்தது, வாழைப்பழம் இருந்தது. குக்கரில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இரண்டு ரொட்டி சுட்டு, ஒன்றைக் கீழ்வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மைதாவும் பேரீச்சையும் எங்கள் வீட்டில் தீர்வதே இல்லை.

அப்படியானால் கார்ன்ஃப்ளேக்ஸை நிறுத்திவிட்டேனா என்றால், இல்லை. அதற்கு நான் கண்டுபிடித்த நேரம் மே மாதத்து ராத்திரி. அக்னி நட்சத்திரத்தில் சமையலறைக்குள் நுழையவே முடியாது, யாருக்கும் சோறு இறங்காது. அப்போது ஓவனையோ குக்கரையோ ஒரு மணி நேரம் எரியவிட எனக்கும் தெம்பில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பால், பங்கனபள்ளி மாம்பழம் சின்னச் சின்னத் துண்டாக, சாக்லேட்டோ தேனோ பூசாத சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸ். கிண்ணங்களோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவோம். பாலையும் மாம்பழத்தையும் முதலில் போட்டுக்கொண்டு, டப்பாவைப் பக்கத்தில் வைத்து, இதழ்களைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் சேர்ப்போம். யாரும் எழுந்து ஓட வேண்டியதில்லை என்பதால் கடைசி வாய் வரை மொறுமொறுவென்றே இருக்கும்.