விவசாயத்தின் கரியமில வாயு: இந்தியாவும் பிரேசிலும்

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் நடும் விவசாயி 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை வயலில் இறைத்தால், அந்த உரத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ 33 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 1960களில் தொடங்கிய பசுமைப் புரட்சிக்குப் பின், யூரியா, டீசல், பம்புசெட்டுக்கான நிலக்கரி மின்சாரம் எனப் பல வழிகளில் இந்திய வேளாண்மையின் கரியமில வாயு சிறுகச் சிறுகவே ஏறிவந்திருக்கிறது. (நெல்வயலும் மாடும் வெளிவிடும் மீத்தேன் தனிக் கணக்கு.)

பிரேசிலிலோ மேய்ச்சலுக்கும் சோயாவுக்கும் காட்டை அழிப்பதே பெரும்பங்கு என்பதால், அதன் கரியமில வாயு அளவு அரசின் கண்காணிப்பைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. அமேசானில் 2004இல் சுமார் 27,700 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் அது 4,600 அளவுக்குக் குறைந்து, 2021இல் மீண்டும் 13,000ஐத் தொட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து, நம்முடையது மெதுவாகத்தானே ஏறுகிறது என்று நம்மை நாமே மெச்சிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிரேசில் எட்டே ஆண்டுகளில் சாதித்த குறைப்பை, கோடிக்கணக்கான சிறு விவசாயிகளிடம் பரவிக் கிடக்கும் யூரியாப் பழக்கத்தில் ஓர் ஆணையால் கொண்டுவர முடியாது; மண் பரிசோதனை முடிவைப் பார்த்து ஒவ்வொரு வயலிலும் மூட்டையைக் குறைத்தாக வேண்டும்.