மடியில் டேப்லெட், பேனலில் ஜிபிஎஸ்: இரண்டும் சேர்ந்து போகும் வானம்

நியூ மெக்சிகோவில் ஆல்புகெர்கியிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டித் தெற்கே பறப்பவர்களுக்கு ஜிபிஎஸ் போவது புதிதல்ல. கிழக்கே சான் ஆந்த்ரேஸ் மலைக்கு அப்பால் வைட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளம். சோதனைக்காக ஜிபிஎஸ் அலைவரிசையை வேண்டுமென்றே குழப்புவது அந்த வட்டாரத்தில் வழக்கம். எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) வந்துவிடும். பாதிப்புப் பகுதி புனல் மாதிரி, கீழே குறுகல், உயரம் கூடக் கூட அகலம். அதனால் சிறிய விமானத்தில் தாழப் பறப்பவர்கள் பல நாள் தப்பிவிடுகிறோம்.

நான் சில வருடங்களாக ஓட்டுவது கிளப்பின் பழைய செஸ்னா 172. பேனலில் ஒரு ஜிபிஎஸ், மடியில் டேப்லெட். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்பதுதான் எல்லோருடைய கணக்கும். பேட்டரி தீர்ந்தால், பெட்டி பழுதானால் அந்தக் கணக்கு சரி. சிக்னலே கெட்டால்? இரண்டும் நம்பியிருப்பது சுமார் 20,200 கிலோமீட்டர் மேலேயிருந்து வரும் அதே மெலிந்த சிக்னலைத்தான். சேர்ந்தேதான் போகும்.

போகும் விதத்தில் வித்தியாசம் உண்டு. பேனல் பெட்டி உடனே எச்சரிக்கை காட்டும், ஊசியின் மேல் கொடி விழும். டேப்லெட்டோ கொஞ்ச நேரம் பழைய இடத்திலேயே விமானத்தை நிறுத்தி வைத்திருக்கும். படம் தெளிவாக இருப்பதால் சந்தேகமே வராது. எனக்கு அதுதான் பிடிக்காதது.

எல்லாப் பழியையும் வெளியே போடவும் முடியாது. ஒரு சமயம் எங்கள் விமானத்தில், ரேடியோவில் பேச பொத்தானை அழுத்தும்போது மட்டும் சிக்னல் போனது, அதுவும் சில அலைவரிசைகளில் மட்டும். ரேடியோவில் பேசும்போது அந்த அலைவரிசையின் மடங்குகளும் மெலிதாகக் கசியும். 121.2 மெகாஹெர்ட்ஸை 13-ஆல் பெருக்குங்கள், 131.3-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: இரண்டுமே 1575.6. ஜிபிஎஸ் இருப்பது 1575.42 மெகாஹெர்ட்ஸில். மெக்கானிக் ரேடியோ ஆன்டெனா கேபிளில் ஒரு ஃபில்டர் போட்டார், சரியாகிவிட்டது. ஜிபிஎஸ் ஆன்டெனாவை மாற்றலாம் என்று யாராவது செலவு சொன்னால் முதலில் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சிக்னல் இல்லாத நேரத்தில் கைகொடுப்பது விஓஆர், அதாவது தரையிலுள்ள நிலையத்தின் ரேடியோ அலையை வைத்துத் திசை காட்டும் கருவி. 113.2 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் ஆல்புகெர்கி நிலையத்தை வைத்து எந்த ரேடியலில் (நிலையத்திலிருந்து கிளம்பும் திசைக்கோட்டில்) இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் கண். ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே இருந்துவிட்டால் வைட் சாண்ட்ஸின் தடைசெய்யப்பட்ட வான்பகுதிக்குள் நுழையும் பயமில்லை. எலிஃபன்ட் பியூட் நீர்த்தேக்கம் தெரிந்தால் ட்ரூத் ஆர் கான்சிக்வன்சஸ் ஊர் வந்தாயிற்று. நம் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அதைச் சொல்வதும் ஜிபிஎஸை நம்பித்தான், அதுவும் போகும். ஆனால் விமானத்திலுள்ள ட்ரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி ரேடாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ரேடார் எட்டும் உயரத்தில் இருந்தால், கேட்டவுடன் கன்ட்ரோலர் திசை சொல்வார். உண்மையிலேயே ஆபத்து என்றால் ‘ஸ்டாப் பஸ்ஸர்’ என்று சொல்லிச் சோதனையை நிறுத்தக் கேட்கலாம். சும்மா எரிச்சலுக்குச் சொல்லக் கூடாது.

மூன்றாவதாக ஒரு ஜிபிஎஸ் வாங்கலாமா என்று கிளப்பில் பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் இரண்டாவது விஓஆரைப் பழுதுபார்த்தோம். கருவிகளை நம்பிப் பறக்கும் ஐஎஃப்ஆர் பயணத்துக்கு மட்டும் கட்டாயமான 30 நாள் விஓஆர் சரிபார்ப்பை இப்போது எல்லாப் பயணத்துக்கும் செய்கிறோம்.