டெபியன் 13: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மெய்ப்புத் திருத்துவதும் பழைய நூல்களை மறுபதிப்புக்குத் தயார் செய்வதும் என் தொழில். பதினோரு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியில்தான் வேலை செய்கிறேன். விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்து மறைந்துவிட்டன என்பதைத் தவிர அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதனுடன் வந்த இயங்குதளத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. அடுத்த பதிப்பை ஏற்க என் கணினியின் செயலி தகுதியற்றது என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஏறக்குறைய அதே நாட்களில், என் அச்சுப்பொறியோடு இணைந்த ஸ்கேனருக்கான மென்பொருள் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, இணையத்தில் கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால்தான் பக்கங்களை ஸ்கேன் செய்ய முடியும் என்று கேட்கத் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் என் மேசைமீதுதான் இருக்கிறது. அதை எப்போது, என்ன நிபந்தனையில் இயக்கலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த மனக்கசப்போடுதான் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 13-ஐ நிறுவினேன். அதன் வேகத்தையும் தோற்றத்தையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். இந்தக் கணினி இனி யாருடைய சொல்லைக் கேட்கிறது என்பதே எனக்கு வேண்டிய விடை.

கட்டற்ற மென்பொருள் இயக்கமும் ஓர் அச்சுப்பொறியில்தான் வேர்விட்டது. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பிறகு புதிய லேசர் அச்சுப்பொறி வந்தபோது அதற்கான மூலநிரல், அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வடிவம், தரப்படவில்லை. அந்த நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் கேட்டும், யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கும், 1985-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கும் பின்னால் அந்த மறுப்பு இருக்கிறது. எந்த நோக்கத்துக்காகவும் நிரலை இயக்குவது, அது எப்படி வேலை செய்கிறது என்று படித்துத் தேவைக்கேற்ப மாற்றுவது, படிகளைப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றிய வடிவத்தையும் பகிர்வது என்ற நான்கு சுதந்திரங்களைத்தான் அந்த இயக்கம் இன்றுவரை கேட்டு வருகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அவர்கள் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு என்று தெளிவாக இருப்பது நமக்கு ஒரு வசதி.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. பயனருக்கு அது எழுத்தில் கொடுத்த வாக்குறுதி ஒன்று உண்டு. 1997-இல் ஏற்கப்பட்ட அதற்குச் சமூக ஒப்பந்தம் என்று பெயர். டெபியன் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும், சிக்கல்களை மறைக்க மாட்டோம், பயனர்களும் கட்டற்ற மென்பொருளுமே எங்கள் முன்னுரிமை என்பவை அதன் முக்கியமான கூறுகள். வாக்குறுதியை எழுத்தில் வைத்திருப்பவர்களை அந்த எழுத்தைக் கொண்டே அளப்பதுதான் நியாயம் என்பதால், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டே நிறுவலைத் தொடங்கினேன்.

முதல் சோதனை வைஃபையில் வந்தது. கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டை இயங்க ஃபர்ம்வேர் எனப்படும் சிறு நிரல் தேவை. பெரும்பாலான அட்டைகளுக்கு அதன் மூலநிரல் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் டெபியனின் அதிகாரபூர்வ நிறுவியில் (இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் நிரலில்) இத்தகைய ஃபர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. புதிதாக வருபவர்கள் இணையமே கிடைக்காமல் தடுமாறினார்கள். பார்வையற்றவர்களுக்கு நிறுவலின்போது ஒலி வேலை செய்யாத நிலையும் இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, ஃபர்ம்வேருடன் கூடிய ஒரே நிறுவியை வெளியிடுவதென்று தீர்மானித்தார்கள். அந்த ஃபர்ம்வேர்களுக்கென டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் தனிப்பிரிவு ஒதுக்கியிருப்பதால், கட்டற்றது எது, அல்லாதது எது என்று பயனர் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இதில் எனக்கு முழு மனநிறைவு இல்லை. நிறுவி என் வன்பொருளைத் தானே ஆராய்ந்து, தேவைப்படும் ஃபர்ம்வேரைத் தானே சேர்த்துக்கொள்கிறது. வேண்டாம் என்பவர்கள் நிறுவி தொடங்கும்போது அதன் கட்டளை வரியில் ‘firmware=never’ என்று தட்டச்சிட வேண்டும்; அப்படி ஒரு வழி இருப்பதே புதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. முதல் திரையிலேயே ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தால் முடிவெடுக்கும் பொறுப்பு உண்மையாகவே பயனரின் கைக்கு வந்திருக்கும். நான் அந்த வரியைச் சேர்த்தே நிறுவினேன். எதிர்பார்த்தபடி வைஃபை வேலை செய்யவில்லை. ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு உள்ள யுஎஸ்பி வைஃபை கருவி ஒன்றை ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாக வாங்கிச் செருகினேன். அதன் ஃபர்ம்வேருக்கு மூலநிரல் வெளியிடப்பட்டுள்ளதால் அது டெபியனின் முதன்மைப் பிரிவிலேயே இருக்கிறது. கணினி உடனே இணையத்தில் இணைந்தது. செயலிக்கான நுண்நிரலில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அந்தப் புதுப்பிப்பு கட்டற்றதல்ல என்றாலும், என் மூத்த செயலி அது இல்லாமல் இணையத்தில் இருப்பது சரியல்ல என்று தோன்றியது. எதை ஏற்றேன், எதை மறுத்தேன் என்று என்னால் இப்படிக் கணக்குச் சொல்ல முடிகிறதே, இதுவரை நான் பயன்படுத்திய எந்த இயங்குதளத்திலும் அது முடிந்ததில்லை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் பரிந்துரைப் பட்டியலில் டெபியனைச் சேர்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1994-லிருந்து ஓராண்டுக் காலம் டெபியனுக்கு நிதியுதவி செய்ததே அந்த அறக்கட்டளைதான். ஆனாலும் கட்டற்றதல்லாத தொகுப்புகளை டெபியன் தன் வழங்கிகளிலேயே, தனிப் பிரிவுகளில் என்றாலும், வைத்திருப்பதை அது ஏற்கவில்லை. அந்தக் கண்டிப்பு வேண்டுவோருக்கு டிரிஸ்கெல், பியூர்ஓஎஸ் போன்றவை இருக்கின்றன. இருக்கும் பழைய கணினியைக் கொண்டு பிழைப்பை நடத்த வேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு டெபியனின் பாதை நடக்கக்கூடியது. அறக்கட்டளையின் கறார் இல்லாவிட்டால் அந்தப் பாதை எங்கே வளைகிறது என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதால் இரண்டும் வேண்டும் என்றே கருதுகிறேன்.

அன்றாட வேலைக்கு வருகிறேன். எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு ஜிபி நினைவகத்தில் சுணக்கமின்றி ஓடுகிறது. உலாவி, மின்னஞ்சல் இவற்றில் தனியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்கேனரைக் கம்பி வழியே இணைத்து, சிம்பிள் ஸ்கேன் என்ற நிரலைத் திறந்தேன். கணக்கும் கேட்கவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. ஒரு விசையை அழுத்தியதும் பக்கம் திரைக்கு வந்தது.

தமிழ்த் தட்டச்சில்தான் நான்கு சுதந்திரங்களின் பொருள் எனக்குக் கையில் தட்டுப்பட்டது. நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் தட்டச்சிடுபவன். ‘ப’ விசையை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து ‘ப்ப’ ஆகிவிடும். ‘பப்பாளி’ என்று எழுத முதல் ‘ப’வுக்குப் பின் ‘அ’ விசையை ஒரு முறை தட்டிப் பிரிக்க வேண்டும். இந்த விதிகள் எல்லாம் டெபியனில் ஐபஸ், எம்17என் என்ற இரு தொகுப்புகளின் வழியே இயங்குகின்றன. தமிழ்99-க்கான விதிக்கோப்பைத் திறந்து பார்த்தேன். அது வெறும் உரைக்கோப்பு. அடைப்புக்குறிக்குள் ஒரு விசையும், அதற்கு எதிரே அது தரவேண்டிய தமிழ் எழுத்துமாக வரிவரியாக இருந்தது. நிரல் எழுதத் தெரியாத எனக்கே அது புரிந்தது. பழைய பத்திரங்களையும் கணக்கேடுகளையும் மேற்கோள் காட்டும் நூல்களில் நாள், மாதம், வருடம் ஆகியவற்றுக்கான ௳, ௴, ௵ என்ற குறியீடுகள் அடிக்கடி வரும். இதுவரை அவற்றை ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். கோப்பின் ஒரு படியை என் சொந்தக் கோப்புறைக்கு எடுத்து, எனக்குப் பயன்படாத மூன்று விசைச் சேர்க்கைகளுக்கு எதிரே இந்த மூன்று குறிகளையும் எழுதிச் சேமித்தேன். முதல் முறை ஓர் அடைப்புக்குறியை மூட மறந்ததால் தமிழே வரவில்லை. திருத்தி, வெளியேறி, மீண்டும் உள்நுழைந்ததும் வந்துவிட்டது. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். ‘தேவைக்கேற்ப மாற்றும் சுதந்திரம்’ என்ற தொடரைப் பல ஆண்டுகளாகப் படித்திருக்கிறேன். ௴ என்ற குறி என் விரலடியில் பிறந்த அன்றுதான் அது எனக்காகவும் எழுதப்பட்டது என்று உணர்ந்தேன்.

பழைய கோப்புகள் விஷயத்தில் வெற்றி பாதிதான். தமிழ்ப் பதிப்பகங்கள் ஒரு காலத்தில் பரவலாகப் பயன்படுத்திய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றில் செய்த நூல் கோப்பு என்னிடம் இருந்தது. அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2010-இல் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கிய பிறகு, சன் வெளியிட்டுவந்த ஓபன்ஆபீஸின் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்தவர்கள் உருவாக்கியதுதான் லிப்ரெஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள். மறைந்துபோன மென்பொருள்களின் கோப்பு வடிவங்களைப் படிப்பதற்கென்றே அதைச் சார்ந்தவர்கள் 2014-இலிருந்து தனித் திட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். அதன் பலனாக என் கோப்பு லிப்ரெஆபீஸின் வரைகலைப் பகுதியில் திறந்தது. படங்கள் இடம் மாறியிருந்தன, பத்தி அமைப்பு குலைந்திருந்தது, உரை பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்ததால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்தில் பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் பகுதி இருக்கிறது. அதைக் கொண்டு உரையை மீட்டேன். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிய சொற்களைக் கையால் திருத்த மூன்று நாள் பிடித்தது. நூலாசிரியர் இப்போது இல்லை, கைப்படியும் இல்லை. அந்த மூன்று நாளும் எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிறுவியின் முதல் திரையில் தமிழைத் தேர்ந்தெடுக்க முடிவது மகிழ்ச்சி. ஆனால் நிறுவிய பின் தமிழ் இடைமுகத்தில் பல இடங்களில் ஆங்கிலமும், சில இடங்களில் ஆங்கிலத்தைவிடக் கடினமான தமிழும் இருக்கின்றன. பதிப்பகங்களிலிருந்து வரும் வேர்டு கோப்புகளில் அட்டவணைகள் இருந்தால் பக்க எல்லை நகர்ந்துவிடுகிறது. இறுதி வடிவத்தை நான் பிடிஎஃப் ஆகவே அனுப்புகிறேன். அரசு இணையதளங்களில் மின்கையொப்பம் இடவேண்டிய வேலை வந்தபோது, அதற்கான துணை மென்பொருள் என் கணினியில் இயங்காமல் கணக்காளரின் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. 32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு டெபியன் 13-இல் நிறுவியே கிடையாது. அத்தகைய கணினி வைத்திருப்பவர்கள் இப்போதைக்குப் பதிப்பு 12-இல்தான் இருக்க வேண்டும். பழைய கணினிகளின் கடைசிப் புகலிடம் என்று பெயரெடுத்த திட்டம் என்பதால் இதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தக் குறைகளில் ஒன்றைப் பற்றி, நிறுவியில் பொருள் மாறிப்போன ஒரு தமிழ்த் தொடரைச் சுட்டி, மின்னஞ்சலில் பிழை அறிக்கை அனுப்பினேன். சற்று நேரத்தில் அதற்கு ஓர் எண் வந்தது. அந்த எண்ணைக் கொண்டு யார் வேண்டுமானாலும் என் புகாரையும் அதற்கு வரும் பதில்களையும் படிக்கலாம். சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்ற வரிக்கு அவர்கள் வைத்திருக்கும் நடைமுறை இது. அந்தத் தொடர் இன்னும் திருத்தப்படவில்லை, புகாரும் மூடப்படவில்லை.

ஏறக்குறைய எழுபதாயிரம் தொகுப்புகளுடன், ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தரும் உறுதியோடு, 2025 ஆகஸ்டில் வந்த பதிப்பு இது. எழுத்து, மொழிபெயர்ப்பு, பதிப்பு வேலை செய்பவர்கள், உடன் உதவ ஒருவர் இருந்தால், தயங்காமல் நிறுவலாம் என்பது என் முடிவு. தனியாக முயல்பவர்கள் முதலில் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்துவிட்டு, வைஃபையும் ஒலியும் வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு இறங்குவது நல்லது.

சென்ற மாதம், எனக்குப் பக்க வடிவமைப்பு செய்து தரும் டிடிபி கடைக்காரர் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் ௵ குறியை ஒரே தட்டில் இடுவதைப் பார்த்து, “சார், இதை நம்ம கடையிலும் போட்டுக்கலாமா, ஏதாவது லைசென்ஸ் கேட்குமா?” என்றார். விசைப்பலகைக் கோப்பைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, ரூபாய்க்கான ௹ குறியையும் தமிழ் எண்களையும் தன் வசதிக்கேற்பச் சேர்த்து, அந்தக் கோப்பை எனக்கே திருப்பி அனுப்பினார். இந்த மதிப்புரையைத் தட்டச்சிட்டது அவர் திருத்திய அந்தக் கோப்பைக் கொண்டுதான்.