லண்டன் சிஓஎஸ் விலைக்குத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் யாராவது "லண்டனுக்கு ஸ்பான்சர் ரெடி, சிஓஎஸ் கையில இருக்கு, பணத்தைக் கட்டினா ஏத்திவிட்டுருவோம்" என்று வந்தால் (சிஓஎஸ் என்பது பிரிட்டன் வேலை விசாவுக்கு அங்குள்ள கம்பெனி கொடுக்கும் ஸ்பான்சர் சான்று), பணத்தை எடுக்கும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் தம்பிக்கு நடந்தது. ஆறரை லட்சம் போய்விட்டது, உம்மா நகையை அடகு வைத்த பணமும் அதில் சேர்த்தி.

தம்பி மெக்கானிக்கல் இன்ஜினியர். சவூதி ஜுபைலில் சில வருஷம் கியூசி (தரக் கட்டுப்பாடு) வேலை பார்த்துவிட்டு, காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்கு வந்திருந்தான். ராமநாதபுரத்தில் ஒரு கன்சல்டன்சி, புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. நானும் கூடப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க ஏர்போர்ட்டில் டிராலியோடு நிற்கும் பையன்களின் போட்டோ. "காக்கா, நம்ம ஊருப் புள்ளைங்ககிட்ட போய் நான் விளையாடுவேனா" என்றார் அந்த ஆள், காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். மொத்தம் எட்டு லட்சம் பேச்சு, சிஓஎஸ் வந்ததும் ஆறரை, விசா அடித்ததும் மீதி.

நம்ம கடற்கரையில் இது யாருக்கும் வித்தியாசமாகவே படாது. அரபு நாட்டு விசாவுக்குக் காசு கொடுப்பது வாப்பா காலத்துப் பழக்கம், 'ஃப்ரீ விசா' என்று பெயரை வைத்துக்கொண்டு அதையும் விலை கொடுத்து வாங்குகிற ஆட்கள்தானே நாம். அந்தப் பழக்கம்தான் இவர்களுக்கு முதலீடு. பிரிட்டனில் கணக்கே வேறு. ஸ்பான்சர் லைசென்ஸ் உள்ள கம்பெனி, இன்ன ஆளுக்கு இன்ன வேலை இன்ன சம்பளம் என்று அந்நாட்டு உள்துறையின் சிஸ்டத்தில் போடுகிற பதிவுதான் சிஓஎஸ், நம் கைக்கு வர வேண்டியது அதன் நம்பர். அதற்கான கட்டணம் 2025 ஏப்ரலிலிருந்து 525 பவுண்டு. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் அந்தக் கட்டணம், லைசென்ஸ் கட்டணம், வெளிநாட்டு ஆளை எடுப்பதற்கான ஸ்கில்ஸ் சார்ஜ் எல்லாமே கம்பெனி தலையில்தான், வேலைக்கு வருகிறவனிடம் வசூலித்தது தெரிந்தால் லைசென்ஸே பறிபோகும். நாம் கட்ட வேண்டியது விசா கட்டணம், அந்நாட்டு அரசு மருத்துவத்துக்காக வருஷத்துக்கு 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ், டிபி டெஸ்ட், ஆங்கிலத் தேர்வு, அவ்வளவுதான். விசா கட்டணத்தையும் சர்சார்ஜையும் நம் கார்டிலிருந்தே ஆன்லைனில் கட்டலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

எங்களுக்கு வந்த 'சிஓஎஸ்' பளபளவென்று கலர் பிரிண்ட். மேலே அரச முத்திரை, கீழே ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்தில் ஒரு கையெழுத்து. 2025 நவம்பரில் வந்த அந்தத் தாளில் மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு வருஷச் சம்பளம் 26,200 பவுண்டு என்று போட்டிருந்தது. அந்த 26,200 என்பது இந்த விசாவுக்கு 2024 ஏப்ரலுக்கு முன் இருந்த குறைந்தபட்சச் சம்பள வரம்பு! அப்புறம் அது 38,700 ஆகி, 2025 ஜூலை 22 முதல் 41,700 ஆகிவிட்டது. யாருடையதோ பழைய தாளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், அதைக்கூட உருப்படியாகச் செய்யவில்லை. இதில் "மூன்று வருடம் செல்லும்" என்று வேறு ஒரு வரி. உண்மையான சிஓஎஸ் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்தாக வேண்டும்.

அந்த ஆளிடம் கேட்டதற்கு, "லிஸ்ட்ல பாருங்க காக்கா, கம்பெனி பேர் இருக்கு" என்றார். பார்த்தோம், இருந்தது. லைசென்ஸ் உள்ள கம்பெனிகளின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் போடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மோசடிக்காரனும் பார்த்துத்தான் பெயரைப் பொறுக்குகிறான். அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதைத் தாண்டி, உங்களுக்கு வேலை கொடுத்ததா என்பது அந்தப் பட்டியலில் தெரியாது. ஆஃபர் லெட்டர் வந்த மெயிலோ சாதாரண ஜிமெயில். தம்பி கம்பெனியின் வெப்சைட்டில் இருந்த முகவரிக்கே நேராக எழுதினான். மறுநாளே பதில்: நாங்கள் யாருக்கும் இப்படிக் கொடுக்கவில்லை, இதே மாதிரி வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகும் அந்த ஆள் விடவில்லை, "இந்த நம்பரைப் போட்டு அப்ளை பண்ணுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று நச்சரித்தார். நல்லவேளை தம்பி போடவில்லை. பொய்யான பேப்பரோடு விண்ணப்பித்து ஏமாற்றினதாக முடிவானால் பத்து வருஷம் வரைக்கும் விசா கிடைக்காது. ஏமாந்ததும் நாம், தடை வாங்குவதும் நாம்!

இன்னொன்று. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். பதிவு செய்த ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். எங்கள் ஆள் பெயர் அங்கே கிடையாது. கேட்டால் "நாங்க ஏஜென்சி இல்ல, கன்சல்டன்சி". ரசீதிலும் 'கல்வி ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார், அதுவும் பாதித் தொகைக்கு மட்டும். மீதியைத் தன் மச்சான் பெயரில் ஜிபே பண்ணச் சொன்னார். அந்த ஜிபே விவரம்தான் இப்போது எங்களிடம் உருப்படியாக இருக்கிற ஆதாரம்.

எஸ்பி ஆபீசில் மாவட்டக் குற்றப்பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் தபால் போயிருக்கிறது. பாஸ்போர்ட் மட்டும் திரும்பக் கிடைத்தது, பணம் இதுவரை இல்லை. ராமநாதபுரம் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் அதே வாசகத்தோடு போலந்துக்கு ஆள் வேண்டும் என்று வேறு நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதே ஆளிடம் கொடுத்தவர்கள் தொண்டி, தேவிபட்டினம் பக்கமும் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ரசீதோ, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோ, அந்தக் கலர் பேப்பரோ எது இருந்தாலும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு இன்பாக்ஸில் வாருங்கள், அடுத்த மனுவை எல்லோரும் சேர்ந்தே கொடுக்கலாம்.