டிராலிங் மோட்டார் பேட்டரி: தண்ணீர் ஊற்றும் பழசா, ஏஜிஎம்மா, லித்தியமா?

ஏரி நடுவில் டிராலிங் மோட்டாரின் (மீன்பிடிப் படகை மெதுவாக ஓட்டும் சின்ன மின் மோட்டார்) இழுவை குறைந்தால் பலரும் உடனே பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்று ராத்திரியே லித்தியம் விலை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இருக்கிற பேட்டரியைச் சோதியுங்கள்.

சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்ட 12 வோல்ட் ஈய பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். சார்ஜரைக் கழற்றியவுடன் தெரிவது மேலோட்டமான வோல்ட், அதை நம்பாதீர்கள். அப்புறம் புரொப்பெல்லர் தண்ணீருக்குள் இருக்கும்போதே மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டி, பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள் (வெளியில் சுற்றவிட்டால் பளுவே இருக்காது, சோதனை வீண்). பளுவில் சட்டென்று 10 வோல்ட் பக்கம் இறங்கினால் ஏதோ ஒரு செல் போய்விட்டது. பேட்டரியில் வோல்ட் நிற்கிறது, ஆனால் மோட்டார் முனையில் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைகிறது என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். கேபிள், பிளக், பிரேக்கர், தளர்ந்த நட்டு, இவற்றில் ஒன்றுதான் காரணம். எது தொட்டால் சுடுகிறதோ அதுதான் குற்றவாளி.

சரி, பேட்டரிதான் போச்சு, புதுசு வாங்க வேண்டும். இப்போது ஒப்பிடலாம்.

55 பவுண்ட் தள்ளுவிசை உள்ள மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். ஈய பேட்டரியில் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) என்று போட்டிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. வேகமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது, அதோடு பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் குறையும். ஆக முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட நம்பி ஓட்ட முடியாது. அதே 100 ஏஎச் லித்தியத்தில் (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைச் சொல்கிறேன்) ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட்டலாம், கடைசிவரை வேகமும் குறையாது. எடையும் பாதிக்குக் கீழே. சின்னப் படகில் இது பெரிய விஷயம்.

ஆனால் பழுது பார்ப்பதில் தண்ணீர் ஊற்றும் பேட்டரிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று நாமே பார்க்க முடியும். மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் கொஞ்சம் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தால், முழு சார்ஜில் கிராவிட்டி (அமிலத்தின் அடர்த்தி அளவு) 1.265 பக்கம் நிற்கும். ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 0.050 குறைந்தால் நோயாளி யார் என்று தெரிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலிலேயே கொஞ்சம் விடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

ஏஜிஎம் என்பது அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்து மூடிவிட்ட ஈய பேட்டரி, அதில் இந்த வேலை எதுவும் இல்லை. குலுக்கலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் எடை அப்படியே இருக்கிறது, விலை கூடுகிறது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றிவிட்டால் போன ஈரத்தைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை. இது நடுவில் மாட்டிக்கொண்ட சரக்கு என்பது என் கருத்து.

லித்தியத்தில் சிக்கலே வேறு மாதிரி. வோல்ட் கிட்டத்தட்ட கடைசிவரை 13 பக்கத்திலேயே நிற்பதால், மல்டிமீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. ஷண்ட் வைத்த மீட்டர், அதாவது உள்ளே போகும் வெளியே வரும் மின்சாரத்தை எண்ணிக் கணக்கு வைக்கும் மீட்டர், வேண்டும். திடீரென்று பூஜ்யம் காட்டினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை) பேட்டரியைக் காப்பாற்றத் துண்டித்திருக்கும். பல ஈய சார்ஜர்கள் வோல்ட் தெரியாத பேட்டரிக்கு மின்சாரமே அனுப்பாது, அதனால் லித்தியம் முறை உள்ள சார்ஜரால்தான் எழுப்ப வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மினசோட்டா, ஒன்டாரியோ மாதிரி ஏரி உறைகிற ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈய பேட்டரியை முழு சார்ஜில் வைத்தால் குளிரைத் தாங்கும், காலியாக விட்டால் உள்ளே உறைந்து பெட்டியே வெடித்துப் பிளக்கும். லித்தியத்தைப் பாதி சார்ஜில், உறையாத இடத்தில் வையுங்கள், சூடேற்றும் வசதி இல்லாத வகையை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது.

வாராவாரம் ஏரிக்குப் போகிறவர் லித்தியம் வாங்கலாம், போட்ட காசு வந்துவிடும். கோடையில் சில தடவை மட்டும் போகிறவர், மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கச் சோம்பல்படாதவர் என்றால் தண்ணீர் ஊற்றும் டீப் சைக்கிள் (ஆழமாக இறக்கி இறக்கி ஏற்றுவதற்கென்றே செய்த வகை) போதும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து ஓட்டும் 24 வோல்ட் மோட்டார் என்றால் எந்த வகையானாலும் இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரியாக மாற்றுங்கள், பழசோடு புதுசைத் தொடராக இணைத்தால் பலவீனமானது சீக்கிரம் காலியாகிப் புதுசின் உழைப்பையும் வீணாக்கும்.