இலவச நாளா, கதவு திறக்கும் நாளா?

பிள்ளைகளோடு பழைய கட்டடங்களைப் பார்க்கப் போக இரண்டு வகை நாட்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பெயர் பாரம்பரிய நாள்தான் என்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஒன்று, நுழைவுச்சீட்டு இல்லாமல் உள்ளே விடும் நாள். மற்றது, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கதவைத் திறந்துவிடும் நாள்.

முதல் வகைக்கு இந்தியாவின் ஏப்ரல் 18. உலகப் பாரம்பரிய நாளாக யுனெஸ்கோ அதை 1983-இல் ஏற்றது. அன்றைக்கு இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் கட்டணம் வாங்காமல் விடுவது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே என்றைக்குமே சீட்டு வேண்டாம். ஆக, மிச்சமாவது அப்பா அம்மாவின் சீட்டுக் காசு மட்டும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது சித்திரை வெயிலும் கூட்டமும். மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்கு நடுவே நிற்கும் கல் யானையின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்க வேண்டுமென்றால், முன்னால் ஏழெட்டுக் குடும்பம் நிற்கும். அதே யானை சாதாரண செவ்வாய்க்கிழமையும் அங்கேதான் இருக்கிறது.

கதவு திறக்கும் நாள் வேறு கதை. பிரான்ஸ் 1984-இல் தொடங்கியது. இப்போது அங்கே செப்டம்பர் மூன்றாம் வார இறுதி. லண்டனில் 1992 முதல், டொராண்டோவில் 2000 முதல் இதே மாதிரி நடக்கிறது. அன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான். என் ஓட்டு இதற்கே.

இதிலும் ஒரு பொறி உண்டு. பெயர் பெற்ற இடத்துக்கே எல்லோரும் ஓடுவார்கள். பாரிஸில் அதிபர் மாளிகைக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றதுண்டு. லண்டனில் பிரதமர் இல்லத்தைப் பார்க்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிபரின் மேசையும் ஒன்றுதான், மாமாவின் மேசையும் ஒன்றுதான். பழைய நீரேற்று நிலையத்துக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். லண்டனின் கிராஸ்னெஸ் நிலையம் 1865-இல் நகரத்துச் சாக்கடையை இறைக்கக் கட்டியது. ஆளைவிடப் பல மடங்கு பெரிய நீராவி எஞ்சின்கள், சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய இரும்புப் பூ வேலைப்பாடு. “இவ்வளவு அழகு சாக்கடைக்கா?” என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஒரு மணி நேரம் போய்விடும். (பெரியவர்களுக்கும் பதில் சுலபமில்லை.)

முன்பதிவு நடையா, நினைத்த நேரம் நுழைவதா? பத்து வயதுக்கு மேல் என்றால் வழிகாட்டியோடு நடப்பது நல்லது, பூட்டிய அறைகளின் சாவி அவர் கையில்தான் இருக்கும். அதற்குக் கீழே வேண்டாம். நாற்பது நிமிஷம் நின்று கேட்கிற வயதில்லை, நடுவில் கழிப்பறைக்குப் போனால் குழு முன்னால் போயிருக்கும்.

ஒரே நாளில் நான்கைந்து இடம் என்று பட்டியல் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு போதும். மணிக்கூண்டு இருந்தால் அதை முதலில் வையுங்கள். மத்தியானத்துக்கு மேல் அந்தப் படிகளில் பிள்ளையை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும், தள்ளுவண்டியைக் கீழேயே விட்டுவிட்டு.